எட்டுப் போட்ட கதை

எதிர்வீட்டுப் பையனுக்கு மறுநாள் மதுரையில் வங்கித் தேர்வு. மாலை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். நான் எங்கள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவன் அம்மா அவனுக்குத் திருநீறு பூசுவது கண்ணில் பட்டதும், கையிலிருந்த ஈரத் துண்டோடு உள்ளே நுழைந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பைக் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. துண்டிலிருந்து சொட்டிய தண்ணீர் மட்டும் கதவடியில் தேங்கிக் கிடந்தது.

அது 2022 ஜூன். என் கணவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அன்று காலைதான் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பூனை குறுக்கே போனால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாள். "பூனைக்கு அந்தப் பக்கம் ஏதாவது வேலை இருந்திருக்கும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை, அரசியலமைப்பின் 51ஏ பிரிவே சொல்கிறது என்று கரும்பலகையில் எழுதியும் போட்டேன். அதே நான்தான் மாலையில் கதவுக்குப் பின்னால்.

சகுனத்தின் மீதான நம்பிக்கை எனக்குக் கல்லூரி நாட்களிலேயே போய்விட்டது. அந்தச் செய்தி காலுக்குத்தான் போய்ச் சேரவில்லை.

பழைய நோட்டு ஒன்றை எடுத்து ஒரு மாதம் குறித்துவந்தேன். நாள், இடம், எதற்காக விலகினேன், யார் சொன்னார்கள் என்று நான்கு கட்டங்கள். மாத முடிவில் 31 வரிகள் சேர்ந்திருந்தன. 'யார் சொன்னார்கள்' கட்டத்தில் இரண்டு வரிகளில் மட்டுமே ஆள் இருந்தது. ஒன்று சித்தி, இன்னொன்று ஒரு கிரகப்பிரவேச வீட்டுப் பெரியவர். மற்ற 29 வரிகளிலும் வெறும் கோடு. பதினாறாம் நாள் சடங்கில் என் வளையல்களைக் கழற்றியவர்கள்மீது எனக்கு நிறையக் கோபம் உண்டு. ஆனால் அந்த 29 கோடுகளுக்கு அவர்களைச் சொல்லி என்ன பயன்?

அவற்றை எங்கே கற்றேன் என்று யோசித்தால் அம்மாவின் சைக்கிளில் போய் முடிகிறது. 1991இல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்கு 13 வயது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் முதல் வயல் வேலைக்குப் போனவர்கள் வரை மைதானங்களில் விழுந்து விழுந்து பழகினார்கள். பெண்கள் ஓட்டும் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பது அதில் கூடுதல் வசதி. அம்மா குளத்துக்கரையில் பழகினாள். முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாளும் போனாள்.

1998இல் அப்பா இறந்தார். சைக்கிள் திண்ணையோரம் சாத்தப்பட்டது. ஓட்டக் கூடாது என்று ஒருவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. "இனி எதற்கு?" என்று அம்மாவே சொன்னாள். பிறகு மாமா அதை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அப்போது 20 வயது. அது இயல்பாகவே பட்டது. இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான்.

முதலில் பூவிலிருந்து தொடங்கினேன். பஸ் நிலையத்தில் அரை முழம் முல்லை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். பூக்கார அம்மா சில்லறை தேடினாரே தவிர என் நெற்றியைப் பார்க்கவில்லை. ஆனால் பள்ளி வாசல் தெரிந்ததும் கை தானாகப் பின்னால் போய்ப் பூவை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டது. மதியம் டப்பாவைத் திறந்தால் தயிர்சாதத்தில் முல்லை வாசம். மூன்று நாட்கள் இப்படியே. நான்காம் நாள் வாசலருகே போகும்போது தலைமையாசிரியர் போனில் அழைத்து, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டேன். தலையில் பூ இருப்பது மதியம்தான் நினைவுக்கு வந்தது. "நழுவுகிறது டீச்சர், ஊசி தரட்டுமா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் அன்றிலிருந்து ஒரு வாரம் எனக்கு ஊறுகாய் தரவில்லை. அவ்வளவுதான். இதற்கா மூன்று ஆண்டுகள் பயந்தேன் என்று ஆத்திரமாக வந்தது. பொட்டு அதன் பிறகு பெரிய விஷயமாக இல்லை.

அடுத்தது ஸ்கூட்டர். 40 வயதைத் தாண்டியிருந்ததால் மருத்துவச் சான்று கேட்டார்கள். எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம் வாங்கி 30 நாட்கள் பழகினேன். ஓட்டுநர் தேர்வில் எட்டுப் போட வேண்டும், கால் தரையில் ஊன்றக் கூடாது. இரண்டாவது வளைவில் என் கால் தரைக்குப் போய்விட்டது. வண்டி சாயவில்லை, யாரும் குறுக்கே வரவில்லை. சும்மாவே போனது. நோட்டில் போட்ட கோடுகள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். ஆய்வாளருக்கு என் சிரிப்பு பிடிக்கவில்லை.

"கீழே பார்க்கிறீர்கள், அதனால்தான் கால் போகிறது. அடுத்த வளைவைப் பாருங்கள், பார்வை போகும் பக்கம் வண்டி வரும்" என்றார் பயிற்சி தந்தவர். பத்து நாட்கள் கழித்து எட்டு முழுதாக வந்தது.

எல்லாமே இப்படி முடிந்துவிடவில்லை. தங்கை மகள் கல்யாணத்தில், தாலித் தட்டு ஆசிக்காகச் சுற்றி வரும் நேரத்தில் நான் வழக்கமாகச் சாப்பாட்டுப் பந்திப் பக்கம் போய்விடுவேன். இந்த முறை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தட்டு வந்தது, தொட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் ஏதோ சொன்னது. அதை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளை வண்டியிலிருந்து விழுந்து கையில் சிராய்ப்பு என்று போன் வந்தது. அந்த நொடி எனக்கு நினைவில் வந்தது அந்தத் தட்டுதான். இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் முதல் பாடவேளை ஏழாம் வகுப்பு.

2023 ஆகஸ்டில், கணவரை இழந்த பெண்ணைக் கோயிலுக்குள் வராமல் தடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன செய்தியை அத்தைக்கு வாசித்துக்காட்டினேன். அத்தை, அதாவது என் மாமியார், பொட்டில்லாமல் 30 ஆண்டுகளைக் கடந்தவர். கேட்டுவிட்டு, "சரி, மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும், வண்டியை எடு" என்றார். நான் பூ வைப்பது அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை. தொடக்கத்தில் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அன்று பின்னால் ஏறி உட்கார்ந்தவர், "ஹெல்மெட்டுக்குள் நசுங்கி வீணாகிறதே, இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்றார்.

எதிர்வீட்டுப் பையன் அந்த வங்கித் தேர்வில் தேறவில்லை. நான் ஒளிந்துகொண்டதெல்லாம் வீண். போன மாதம் வேறொரு வேலைக்கான நேர்காணலுக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்பினான். நான் வாசலில் நின்றிருந்தேன். கால் அரை அடி பின்னால் போனது உண்மை. அதற்குள் அவன் கண்ணாடியை இறக்கி, "டீச்சர், உங்கள் ஸ்கூட்டர் இடிக்கிறது, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்" என்றான். தெருவில் இறங்கி, கார் முன்னால் குறுக்கே போய், வண்டியை நகர்த்தினேன்.