நீக்குவதா, வைப்பதா: மார்ச் மாதக் குறிப்புகள்

2025 மார்ச் 5, புதன்

ஆங்கில விக்கிப்பீடியாவில் நான் கவனித்து வரும் இலங்கைப் பக்கங்களில் ஒன்றை நீக்கலாமா என்று உரையாடல் தொடங்கியிருக்கிறார்கள். கொழும்பில் உள்ள பெரிய நிறுவனம் ஒன்றின் முகாமைத்துவப் பணிப்பாளரைப் பற்றிய பக்கம் அது. தமிழர், உயிரோடு இருப்பவர். பெயரை இங்கே எழுத மாட்டேன்.

உரையாடல் வழக்கமாக ஏழு நாள் நடக்கும். எத்தனை பேர் எந்தத் தரப்பு என்று எண்ணி முடிவெடுப்பதில்லை, சொல்லப்படும் காரணங்களின் பலத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் அவசரப்பட்டு ஒரு வரி எழுதிவிட்டுப் போக மனமில்லை. நம்மவர்களைப் பற்றிய பக்கங்களே குறைவு. இருப்பதை இழப்பது எனக்கு வலிக்கும். ஆனால் முதல் பந்தியிலேயே 'தொலைநோக்குள்ள தலைவர்' என்று இருக்கிறது. அவரை வெளியில் இருந்து பார்த்த எவரும் இப்படி எழுதமாட்டார்.

மார்ச் 6, வியாழன்

பக்கத்தில் சான்றாகக் காட்டியிருந்த மேற்கோள்களை இரவு முழுக்கத் திறந்து பார்த்தேன். தனிப்பக்கத்துக்குத் தகுதி உண்டா என்று பார்க்க வேண்டியது இதுதான்: அவரோடு தொடர்பில்லாத, நம்பத்தக்க ஊடகங்கள், அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா? இந்த மூன்றும் ஒரே கட்டுரையில் சேர்ந்து இருக்க வேண்டும். அப்படி ஒன்றிரண்டு கிடைத்தாலே வாதாட இடம் உண்டு.

அவர் பதவி ஏற்ற செய்தி மூன்று நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில் வந்திருக்கிறது. மூன்றிலும் ஒரே படம், ஒரே வசனங்கள், எழுதியவர் பெயர் ஒன்றிலும் இல்லை. நிறுவனம் அனுப்பிய ஊடக அறிக்கையை அப்படியே போட்டிருக்கிறார்கள். மூன்று இடத்தில் வந்தாலும் அது ஒரே சான்று, அதுவும் அவர்கள் தரப்புச் சான்று. அப்புறம் இரண்டு நேர்காணல்கள். அவரே தன்னைப் பற்றிச் சொல்வது தகவலுக்கு உதவும், தகுதியைக் காட்ட உதவாது. ஆண்டறிக்கை அவர்களே அச்சிட்டது. விருது ஒன்றும் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க நிறுவனங்களே கட்டணம் கட்டுகின்றன.

நிறுவனம் கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருப்பதையும் ஒருவர் காரணமாகக் காட்டியிருந்தார். அது நிறுவனத்துக்கான வாதம். நிறுவனத்தின் பெயர் தலைவருக்குத் தானாக ஒட்டிக்கொள்ளாது.

ஒரேயொரு கட்டுரை என்னை நிறுத்தியது. நட்டத்தில் கிடந்த ஒரு தொழிற்சாலையை அந்த நிறுவனம் வாங்கியதைப் பற்றி ஒரு செய்தியாளர் பலரிடம் விசாரித்து எழுதியது. உண்மையான வேலை. அதில் இவர் இரண்டு வரியில் வந்து போகிறார்.

மார்ச் 8, சனி

அக்காவும் அத்தானும் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தார்கள். அத்தான் அதே நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். விஷயம் அங்கேயும் போய்விட்டது. "தம்பி, எங்கடை ஆளை நீங்களே வெட்டலாமோ?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, மனம் நொந்துதான் கேட்டார். கஷ்ட காலத்தில் ஒருவரையும் வேலையை விட்டு நிறுத்தாத மனிதர் அவர் என்றும் சொன்னார். நான் அதை நம்புகிறேன்.

"நல்ல மனிசரோ எண்டதில்லை அத்தான் கேள்வி. அவரைப் பற்றி வேறை ஆர் எழுதியிருக்கினம் எண்டதுதான்," என்றேன். பக்கம் இருந்தால் அது அவர் கையில் இருக்காது என்பதையும் சொன்னேன். நாளைக்கு ஒரு வழக்கு வந்து பத்திரிகைகள் எழுதினால் அதுவும் அங்கே ஏறும். அவரோ மக்கள் தொடர்புப் பிரிவோ அதை எடுக்க முடியாது.

அப்போதுதான் அத்தான் இன்னொன்றைச் சொன்னார். காசு கொடுத்தால் பக்கத்தைக் காப்பாற்றித் தருவதாக ஒருவர் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாராம். எனக்குப் பதறிவிட்டது. 2015 ஓகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியாவில் 381 கணக்குகளை முடக்கியது இதே மாதிரி வேலைக்காகத்தான். நிராகரிக்கப்பட்ட வரைவுகளைத் தேடிப்பிடித்து, ஏற்றித் தருகிறோம் என்று பணம் வாங்கி, பிறகு காவலுக்கென்று மாதக் கட்டணமும் கேட்டார்கள். சம்பளத்துக்கு எழுதுபவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 முதல் விதி. பதில் போட வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லச் சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

தமிழ்ச் சங்க நூலகம். மனதில் இருந்தது வேறொருவர், செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த பழைய வணிகர். பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடம் கொடுத்தவர் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். கையில் இருப்பது அவருடைய அந்தியேட்டிச் சடங்கன்று வெளியிட்ட கல்வெட்டு என்னும் நினைவு நூல் மட்டும். அதை எழுதியது குடும்பம். பணிப்பாளரின் ஊடக அறிக்கையை ஏற்க மாட்டேன் என்றால் இந்தக் கல்வெட்டையும் ஏற்க முடியாது. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தவருக்கு ஒரு அளவுகோல், மற்றவருக்கு இன்னொன்று என்று வைக்க எனக்கு உரிமை இல்லை.

தமிழ் வணிகர் கே. குணரத்தினத்தைப் பற்றி எழுத முடிவது, அவர் சிங்களப் படங்கள் தயாரித்ததால் சினிமா வரலாறு எழுதியவர்கள் அவரையும் எழுதியதால்தான். ஹெந்தளையில் இருந்த அவருடைய ஸ்டூடியோ 1983 ஜூலைக் கலவரத்தில் எரிக்கப்பட்ட பிறகும் அந்த எழுத்து மிஞ்சியது. அதே ஜூலையில் கணக்குப் புத்தகத்தோடும் படங்களோடும் கடை எரிந்த எத்தனையோ பேருக்கு அப்படி எதுவும் மிஞ்சவில்லை. நூலகம் நிறுவனம் 2005 முதல் மின்வடிவில் சேர்த்து வரும் இதழ்களை மணிக்கணக்காகத் தேடுகிறேன். இன்று ஒன்றும் அகப்படவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

என் கருத்தைப் பதிவு செய்தேன். உறவினர் அங்கே வேலை செய்கிறார் என்பதை முதல் வரியிலேயே சொன்னேன். அழிக்க வேண்டாம், அவர் பெயரைத் தேடுபவர் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போகும்படி வழிமாற்றி விடலாம் என்று எழுதி, ஒவ்வொரு மேற்கோளும் ஏன் போதாது என்று காட்டினேன்.

அழிப்பதில் எனக்குத் தயக்கம் இருப்பதற்குக் காரணம் உண்டு. கனடிய விஞ்ஞானி டொனா ஸ்ட்ரிக்லண்டைப் பற்றிய விக்கிப்பீடியா வரைவை 2018 மே மாதம் சான்று போதாது என்று நிராகரித்தார்கள். ஒக்டோபரில் அவருக்குப் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய தகுதி மே மாதத்திலும் அதேதான், பார்த்தவர் கண்ணில் படவில்லை. ஆகவே திரும்பி வரும் வழியை மூடக்கூடாது. வழிமாற்றினால் பழைய எழுத்து பக்கத்தின் திருத்த வரலாற்றில் அப்படியே கிடக்கும்.

மார்ச் 13, வியாழன், போயா (முழுநிலா விடுமுறை)

முடித்துவிட்டார்கள்: வழிமாற்று. அத்தானுக்கு அழைத்துச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப திரும்ப வருமோ?" என்றார். வரலாம் என்றேன். அந்தத் தொழிற்சாலைக் கதையைப் போல, இவரை மையமாக வைத்து யாராவது சொந்தமாக விசாரித்து எழுதினால் நானே மீட்க உதவுவேன். "அதை அவையளிட்டைச் சொல்லட்டோ?" என்று கேட்டார். "சொல்லுங்கோ. ஆனா காசு குடுத்து எழுதுவிக்கப் போயிடாதேங்கோ எண்டும் சொல்லுங்கோ."

செட்டியார் தெருக்காரருக்கு வழி இருந்தால் அது 1950களின் வீரகேசரியிலும் தினகரனிலும்தான் இருக்கும். தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய நாளிதழ்க் கோப்புகளைக் கேட்க நாளைக்கு அரைநாள் லீவு போட்டிருக்கிறேன். பள்ளிக் கட்டடத் திறப்பு விழா எந்த ஆண்டு என்பதைக் கல்வெட்டில் இருந்து குறித்து வைத்திருக்கிறேன், தேடலை அந்த மாதத்தில் இருந்து தொடங்கலாம்.