மார்க்தாலும் ஒரு கிலோ பாகற்காயும்

நெதர்லாந்தில் இருக்கும் ரொட்டர்டாமுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நவம்பர் மாதம். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த வாரம் முழுக்க என் கணவரைத் தவிர வேறு யாரிடமும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமை காலை, "கிளம்பு, ஒரு இடம் காட்டுறேன்" என்று பிளாக் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்.

வெளியே வந்தால் எதிரே குதிரை லாடம் போல வளைந்து நிற்கிறது மார்க்தால். 2014இல் திறந்த சந்தைக் கட்டடம். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நாற்பது மீட்டர் உயரத்தில் பழங்கள், பூக்கள், மீன்கள், பூச்சிகள் எல்லாம் வானத்திலிருந்து கொட்டுகிற மாதிரி ஓர் ஓவியம். ஆர்னோ கூனன், ஐரிஸ் ரோஸ்காம் என்ற இருவர் உருவாக்கியது. 11,000 சதுர மீட்டர். சின்ன வயதில் மீனாட்சியம்மன் கோயிலில் விதானத்து ஓவியங்களைக் கழுத்து வலிக்கப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

அந்த ஓவியத்துக்கு நடுவே ஜன்னல்கள்! வளைவுக்குள் 228 வீடுகள் இருக்கின்றன. வெளிச்சம் தேவைப்படும் அறைகள் வெளிப்பக்கம். சமையலறை போன்றவை சந்தைப் பக்கம். அடுப்படியில் நின்றபடியே கீழே கடைவீதியைப் பார்க்கலாம். தனியாக இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய துணை!

கீழே சீஸ், மீன், கொட்டை வகைகள், நடுவே பாகு தடவிய சூடான ஸ்ட்ரூப்வாஃபல் பிஸ்கட். சாப்பிட உட்கார இடமும் நிறைய. வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் வழியில், அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த பழம்பொருட்களை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

ஆனால் வீட்டுக்குக் காய்கறி வாங்க உள்ளே விலை கட்டுப்படியாகாது. வாசலிலேயே, பின்னன்ரொட்டே திடலில் செவ்வாயும் சனியும் பெரிய சந்தை கூடும். அங்கேதான் பாகற்காயைப் பார்த்தேன். ஊரில் தொடவே மாட்டேன். அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது. பெயர் தெரியாமல் கையைக் காட்டினேன். கடைக்கார அம்மா "சொப்ரொப்போ" என்றார். தென் அமெரிக்காவில் இருக்கும் சுரினாம் நாட்டுக்காரர்கள் வழியாக இங்கே வந்த பெயராம். நான் திருப்பிச் சொன்னேன். சிரித்தபடி திருத்தினார். மறுபடி சொன்னேன். அப்புறம் ஒரு கிலோ நிறுத்து, கைப்பிடி பச்சைமிளகாயையும் மேலே போட்டுக் கொடுத்தார்.