நாட்காட்டியின் கட்டங்களும் நிறங்களும்

அலுவலக நாட்காட்டியைத் திறந்ததும் கண்ணில் படும் கட்டங்கள், நம் வேலை இன்னதென்று அறியாத யாரோ முன்கூட்டியே வரைந்து வைத்தவை. அவற்றை மாற்றுவதால் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு, மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல்-நாட்காட்டிச் செயலியான அவுட்லுக்கின் நேர அளவுகோலைத்தான் முதலில் காட்டுவேன். கணினியில் அதன் நாள் காட்சி இயல்பாக 30 நிமிடக் கட்டங்களாக வரும். பத்து நிமிடத்தில் முடியும் அழைப்பும் அதில் அரைமணிக் கட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். இடப்பக்க நேரப் பட்டையில் வலச்சொடுக்கி அளவை 10 அல்லது 15 நிமிடமாகக் குறைத்ததும், மூச்சுவிட இடமில்லாததாகத் தெரிந்த முற்பகலில் இடைவெளிகள் புலப்படத் தொடங்கும். ஆனால் நாள் முழுவதும் ஒரே திரையில் அடங்காது என்பதால், கூட்டங்கள் நெருக்கியடிக்கும் நாட்களில் மட்டுமே அப்படி மாற்றிக்கொள்கிறேன்.

நிறங்களைப் பொறுத்தவரை, திட்டத்துக்கு ஒரு நிறம் என்பதே பரவலான வழக்கம். பார்வைக்கு அழகாக இருந்தாலும் அது எனக்கு உதவவில்லை. கூட்டம் எந்தத் திட்டத்தைச் சேர்ந்தது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. நான் அறிய விரும்புவது, அந்தக் கூட்டம் என்னிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை. ஆகவே முன்தயாரிப்பு தேவைப்படுவதற்குச் சிவப்பு, கேட்டுக்கொண்டிருந்தாலே போதும் என்பதற்குச் சாம்பல், தனியாக அமர்ந்து செய்யும் வேலைக்கு நீலம் என்று வகுத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் சிவப்பு மிகுந்து, அதற்கு முன்னால் நீலமே இல்லாவிட்டால், சிக்கல் எங்கே வரும் என்பது திங்கட்கிழமையே தெரிந்துவிடும். தலைப்பில் குறிப்பிட்ட சொல் இருந்தால் தானாகவே நிறமேற்றும் விதியும் அவுட்லுக்கில் உண்டு; வாராந்தரக் கூட்டங்களுக்கு அதுவே போதும்.

வார எண்களைக் காட்டச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேதி, நேரம் குறிப்பதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601இன்படி வாரம் திங்களில் தொடங்கும். ஆண்டின் முதல் வியாழக்கிழமை இடம்பெறும் வாரமே முதல் வாரம். 2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை என்பதால், அந்தக் கணக்கில் அது முந்தைய ஆண்டின் 53ஆம் வாரத்தில் விழுகிறது. ஜனவரி 1இலிருந்தே எண்ணும் அமைப்பிலோ அது முதல் வாரம். ஒரே குழுவில் இருவர் வெவ்வேறு அமைப்பை வைத்திருந்தால், "பத்தாம் வாரம் ஒப்படைக்கிறோம்" என்ற வாக்குறுதி அந்த ஆண்டு முழுவதும் ஏழு நாள் வித்தியாசத்தில் புரிந்துகொள்ளப்படும்.

வெளிநாட்டுக் குழுக்களோடு பணிபுரிவோருக்கு இரண்டாவது நேர மண்டலத்தைக் காட்டும் நேரப் பட்டை அவசியம். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும், ஐரோப்பா அம்மாதக் கடைசி ஞாயிறன்றும் கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை முன்நகர்த்துவதால், இடைப்பட்ட நாட்களில் மனக்கணக்கு எளிதில் தவறும்.

இத்தனையும் என் திரையில் மட்டுமே நிகழ்பவை. நான் தீட்டும் நீலம் சக ஊழியர்களுக்குப் பொதுவாகத் தெரியாது. என் நேரத்தைத் தேடுபவருக்குத் தெரிவது, பெரும்பாலும் அந்த நேரம் ஓய்வா, வேலையா, இன்னும் உறுதியாகாத தற்காலிகமா என்ற நிலை மட்டும்தான். தனிவேலைக்கு ஒதுக்கிய நேரத்தை 'ஓய்வு' என்றே விட்டுவைத்தால் அதன்மேல் அழைப்புகள் வந்து விழும். எல்லாவற்றையும் 'வேலை' என்று பூட்டினாலோ அவசரத்துக்குக்கூட யாரும் அணுகத் தயங்குவார்கள். நான் பெரும்பாலும் 'தற்காலிகம்' என்று குறிக்கிறேன். உண்மையிலேயே தேவைப்படுபவர் அழைப்பை அனுப்பும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறார்.