அசற்றைல் கழற்றும் நொதியம்: ஒரு வரிக் குறிப்பு ஏன் போதாது

உயர்தரக் குறிப்புகளில் இந்த விசயம் ஒரே வரியில் முடிந்துவிடும்: டி.என்.ஏ. சுற்றிக்கிடக்கும் புரதமான ஹிஸ்டோனில் அசற்றைல் என்ற சிறு இரசாயனக் கூட்டம் ஏறினால் பரம்பரையலகு திறக்கும், கழன்றால் மூடும். பரீட்சைக்கு அது போதும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ இறுதி வருட ஆய்வுக்கென்று ஹிஸ்டோன் பிரித்தெடுக்கப் போகிறவர்களுக்குப் போதாது. அசற்றைலைக் கழற்றும் நொதியமான ஹிஸ்டோன் டீஅசற்றைலேஸ் எந்தப் பரம்பரையலகுக்குப் போவது என்று தானாக முடிவெடுப்பதில்லை, வேறு புரதங்கள் கூட்டிக்கொண்டு போகின்றன. ஆனால் கலத்தை உடைத்த பிறகு நாம் நிறுத்தாவிட்டால் அது தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும்.

எட்டு ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி 147 காரச்சோடி நீள டி.என்.ஏ. கிடக்கிறது. ஹிஸ்டோன் வால்களிலுள்ள லைசின் என்ற அமினோவமிலத்துக்கு நேர் மின்னேற்றம், டி.என்.ஏ.க்கு மறை மின்னேற்றம். அசற்றைல் ஏறியதும் லைசினின் மின்னேற்றம் போய்விடும், பிடி தளரும். அதோடு அந்த அசற்றைலை அடையாளம் கண்டு ஒட்டும் புரதங்களும் வந்து சேரும். டீஅசற்றைலேஸ் அசற்றைலை அசற்றேற்றாகக் கழற்றும்போது இவை இரண்டும் ஒன்றாகத் தலைகீழாகின்றன. அசற்றைலேற்றத்துக்கும், பரம்பரையலகிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கும் பிரதியாக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று வின்சென்ட் ஆல்ஃப்ரி 1964இலேயே முன்வைத்தார். நொதியத்தை இனங்கண்டு பிரித்தது 1996இல், ஸ்டுவர்ட் ஷ்ரைபரின் ஆய்வுகூடத்தில்.

மனிதரில் இந்த நொதியங்கள் 18. அவற்றில் 11 நாக அயனை வைத்து இயங்குபவை, 1 முதல் 11 வரை இலக்கமிடப்பட்டவை. மீதி ஏழும் சேர்ட்டுவின்கள், அவற்றுக்கு நாகத்துக்குப் பதில் என்.ஏ.டி. என்ற துணைநொதியம் வேண்டும். இந்தப் பிரிவைக் கட்டாயம் நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

வேறு புரதம் கூட்டிக்கொண்டு போவதற்கு நல்ல உதாரணம், ஓமோனைப் பிடிக்கும் புரதமான தைரொயிட்டு ஓமோன் வாங்கி. ஓமோன் இல்லாதபோதும் அது டி.என்.ஏ.யில் உட்கார்ந்திருக்கும், என்கோர் என்ற துணை அடக்கியைப் பிடித்துக்கொண்டு. என்கோரோடு மூன்றாம் இலக்க டீஅசற்றைலேஸ் ஒட்டியிருப்பதால் அந்த இடம் மூடிக்கிடக்கும். ஓமோன் வந்ததும் வாங்கியின் வடிவம் மாறும், என்கோர் விலகும், அசற்றைல் ஏற்றும் புரதங்கள் அந்த இடத்தைப் பிடிக்கும். மூன்றாம் இலக்க நொதியத்தைத் தனியே பிரித்து வைத்தால் ஏறக்குறைய செயலற்றது. என்கோரின் ஒரு துண்டும் இனோசிற்றோல் பொஸ்பேற்று என்ற சிறு மூலக்கூறும் சேர்ந்தால்தான் உயிர் வரும். தனிப் புரதத்தைச் சோதித்துவிட்டு "நொதியம் பழுது" என்று எழுதுவது இதை அறியாததால்தான்.

ஆறாம் இலக்கமோ பெரும்பாலும் குழியவுருவில் இருந்துகொண்டு, நுண்குழாய்ப் புரதமான ரியூபியூலினில் கைவைக்கிறது. பெயரில் ஹிஸ்டோன் இருப்பதை எல்லா இடத்திலும் நம்பவேண்டாம்.

இனி ஆய்வுகூடம். அசற்றைல் சில நிமிடங்களிலேயே ஏறி இறங்கும். மட்டக்களப்பு வெக்கையில் குழாயை மேசையில் விட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டு நின்றால், நீங்கள் அளக்க வந்தது அதற்குள் குறைந்துவிடும். கலத்தை உடைக்கும் கரைசல் இது: பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலில் கலமென்சவ்வைக் கரைக்க 0.5 வீதம் ட்ரைற்றன், புரதம் சிதையாமலிருக்க 2 மில்லிமோலார் பி.எம்.எஸ்.எஃப்., 5 மில்லிமோலார் சோடியம் பியூற்றிரேற், 5 மில்லிமோலார் நிக்கொற்றினமைட்டு. பியூற்றிரேற் நாக வகையை மட்டுமே தடுக்கும், சேர்ட்டுவின்களைத் தடுக்க நிக்கொற்றினமைட்டு வேண்டும். 1.1 கிராம் சோடியம் பியூற்றிரேற்றை 10 மில்லிலீற்றராகக் கரைத்தால் 1 மோலார், அதில் 5 மைக்ரோலீற்றர் ஒரு மில்லிலீற்றருக்குப் போதும். பி.எம்.எஸ்.எஃப். நீரில் விரைவில் அழியும் என்பதால் கடைசி நிமிடத்தில் சேருங்கள். நொதியத்தைத் தடுக்கும் இந்த நிரோதிகளைக் குளிர்ந்த கரைசலில்தான் போடவேண்டும். 37 பாகையில் உயிருள்ள கலத்துக்குக் கொடுத்தால் அசற்றைல் செயற்கையாக ஏறிவிடும்.

ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு கோடி கலம் என்ற கணக்கில் ஐஸில் 10 நிமிடம் உடைத்து, 6,500 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி, அடியில் படியும் கருக்களை ஒருமுறை கழுவி, 0.2 நோர்மல் ஐதரோகுளோரிக்கமிலத்தில் 4 பாகையில் இரவு முழுக்க விடுங்கள். (ஐஸ் இயந்திரம் நின்றுபோனால் வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீனுக்குப் போடும் ஐஸும் குழாயைச் சுற்றி வைக்கத் தாராளம்.) மறுநாள் சுழற்றி மேல்திரவத்தை எடுத்து, அதன் பத்தில் ஒரு பங்கு 2 மோலார் சோடியமைதரொட்சைட்டால் நடுநிலையாக்குங்கள். ஜெல்லுக்கான நீலச் சாயம் மஞ்சளானால் அமிலம் இன்னும் மிச்சம், பட்டை கோணலாக ஓடும்.

புரதங்களைப் பிரிக்க 15 வீத ஜெல், பிறகு அவற்றை மாற்றி ஒட்ட 0.2 மைக்ரோன் மென்சவ்வு. 0.45இல் ஹிஸ்டோன் ஊடுருவிப் போய்விடும், பிறகு அசற்றைலைக் காட்டும் பிறபொருளெதிரியில் பழி விழும். 17 கிலோடால்ற்றன் அருகே, அசற்றைல் ஏறிய எச்-3 என்ற ஹிஸ்டோன் தெரியும். மொத்த எச்-3ஐயும் பார்க்காமல் ஏற்றம், இறக்கம் என்று எதுவும் சொல்லாதீர்கள்.

டீஅசற்றைலேஸைத் தடுக்கும் வொரினொஸ்டற் போன்ற மருந்து கொடுத்த கலத்தில், கலப்பிரிவை நிறுத்தும் பி-21 பரம்பரையலகின் வேலை உயரும், ஆனால் வேறு நிறையப் பரம்பரையலகுகள் தாழும். அதைப் பரிசோதனைப் பிழையென்று தள்ளவேண்டாம். மும்முரமாகப் பிரதியாகிக்கொண்டிருக்கும் பரம்பரையலகுகளிலும் இந்த நொதியங்கள் உட்கார்ந்து, ஏறியதைக் கழற்றி அடுத்த சுற்றுக்கு ஆயத்தம் செய்கின்றன. கட்டுப்பாட்டுக் குழாய்க்கு மருந்து கரைத்த கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ.வை அதே அளவு போடாவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் எதையும் மருந்தின் பெயரில் எழுத முடியாது.