திங்கட்கிழமைகளில் வராத பையன்

செப்டம்பர் 10, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை இன்று முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஒரு பையனின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் எட்டு ஆப்சென்ட். அவற்றில் ஏழு, திங்கட்கிழமைகள். மாதக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டு வந்ததால் இது என் கண்ணில் படவே இல்லை. பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு தவறினாலே அபாயக் குறி என்பார்கள். 200 நாள் ஆண்டில் அது 20 நாள். மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு நாள்தான்.

செப்டம்பர் 11

வீட்டில் பணக் கஷ்டமாக இருக்கும் என்று முடிவுகட்டிக்கொண்டே போனேன். “திங்கட்கிழமை விடிந்தால் வயிற்றுவலி என்கிறான், டீச்சர்” என்றார் அம்மா. பையன் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளுவதும் இழுப்பதுமாக நின்றான். வெகுநேரம் கழித்து ஒன்றே ஒன்று சொன்னான்: “மார்க்கை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கிறார்கள்.”

திங்கள் முதல் பாடவேளை, கணக்குத் தேர்வு.

செப்டம்பர் 12

“எப்போதும் செய்வதுதானே” என்றார் கணக்கு ஆசிரியர். கோபத்தை அடக்கிக்கொண்டு பையனின் நோட்டை அவர் முன் விரித்தேன். 1/2 + 1/3 = 2/5. பக்கத்துக்குப் பக்கம் இதே தவறு. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான். தொடக்கப் பள்ளியில் விட்டுப்போனது. அதைச் சுமந்துகொண்டு இயற்கணிதம் வரை வந்திருக்கிறான்! ஆசிரியர் நெடுநேரம் நோட்டை மூடவில்லை. இனி விடைத்தாளை மடித்துத் தருவதாகச் சொன்னார்.

செப்டம்பர் 14

இடைநிற்றலைக் குறைப்பது அரசுகளின் கடமை என்கிறது, 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 28ஆம் பிரிவு. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990இல் தொடங்கிய ‘செக் அண்ட் கனெக்ட்’ திட்டத்தில், ஒரு பெரியவர் ஒரு மாணவனைக் குறைந்தது இரண்டு ஆண்டு விடாமல் பின்தொடர்கிறார். நாமோ ஆண்டு முடிந்ததும் பதிவேட்டோடு பிள்ளையையும் அடுத்தவர் கையில் கொடுத்துவிடுகிறோம். பத்தாம் வகுப்பிலும் இவனை நான் விடப்போவதில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

வரவில்லை. இரண்டாம் பாடவேளையிலேயே போன் செய்தேன். திட்டவில்லை. “உன்னைத் தேடினேன்” என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 23, திங்கள்

மணி அடித்த பிறகு வந்தான். 25க்கு 6. தாளை இன்னும் சிறிதாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மாலையில் ஒரு காகிதத்தை ஆறு கட்டமாக மடிக்கச் சொன்னேன். பாதிக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு. விரல் வைத்து ஐந்து வரை எண்ணிவிட்டு, மிஞ்சிய ஒற்றைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பதிவேட்டில் இன்னொரு பெண்ணுக்கு வெள்ளிக்கிழமைகள் சிவந்திருக்கின்றன. நாளை அவள் வீட்டுக்குப் போகிறேன்.