விண்வெளிப் பேயும் எங்க ஊர் யட்சியும்

மார்த்தாண்டத்தில் மழைக்கு டீக்கடையில் ஒதுங்கிய ரெண்டு பையன்கள், சுக்குக்காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் ஸ்கூபி டூ கார்ட்டூனைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"லேய் மக்கா, எல்லாத்திலயும் அந்த விண்வெளிப் பேய்தாம்லே பயங்கரம்!"

சரியாத்தான் சொன்னான். 1969இல் வந்த கதை. ஆளில்லாத விமானதளம், தரையில் மினுங்கும் காலடித் தடம், கண்ணாடிக் கவசத்துக்குள்ளே மண்டையோடு. அப்புறம் அந்தச் சிரிப்பு, இப்போ கேட்டாலும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

முகமூடியைக் கழற்றினால் பக்கத்து நிலத்துக்காரர். ஆட்களை விரட்டி, நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கி, விமானப்படைக்கு விற்கத் திட்டம்.

எங்க ஊரிலும் யட்சி இருக்கு என்று யாரும் கால் வைக்காத ஒரு விளை (தோப்பு) இருந்தது. இப்போது அங்கே பிளாட் போட்டு விற்கிறார்கள்.

என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை.