வேப்பங்கிளைக்குள் செட்டிநாட்டு வீடு: நான்காம் முயற்சி

கானாடுகாத்தானில் பொட்டலைப் பார்த்து நிற்கும் கிழக்கு வாசல் வீடு ஒன்றை, எதிரிலுள்ள வேம்பின் கிளைகளையே சட்டமாக வைத்துப் படமெடுக்க மூன்று முறை முயன்று தோற்றேன். சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு படம் தேறியது.

தவறு நேரத்தில் இருந்தது. பழைய கட்டடம் என்றாலே இளவெயிலில்தான் எடுக்க வேண்டும் என்ற பழக்கத்தால் ஆறரை மணிக்கே போய் நின்றேன். அப்போது வெயில் தாழ்வாக மரத்தடிக்குள் புகுந்து இலைமீதும் சுவர்மீதும் ஒருசேர விழுவதால், ஒதுங்கி நிற்க வேண்டிய இலைகள் வீட்டைவிடப் பளிச்சிட்டன. போதாக்குறைக்கு, வெளிச்சக் குறைவால் ஷட்டர் வேகம் 1/40 நொடிக்கு இறங்கியதில் இலைநுனிகள் அசைந்து கலங்கின. ஒன்பது மணிக்கு மேல் கிளைகளின் அடிப்பக்கம் நிழலாகி, முகப்பின் சுண்ணாம்புப் பூச்சு மட்டும் வெயிலில் நின்றது. சுவரில் ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) வைத்தவுடன் இலைகள் தாமே கறுத்தன, ஷட்டரும் 1/200 கொடுத்தது.

என்னை மிகவும் படுத்தியது ஃபோகஸ். ஆட்டோஃபோகஸ் ஒரு மீட்டர் தொலைவிலிருந்த இலையையே பிடித்துக்கொண்டது. கிராப் சென்சாரில் (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) லென்ஸின் குவியத்தூரம் 18 மி.மீ., துளை அளவு எஃப்/11 என்றால் ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் முக்கால் மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளியும். ஆனால் கேமராவோடு வந்த என் கிட் லென்ஸில் தூர அளவுகள் கிடையாது. ஆகவே அளவு நாடாவால் அளந்து, ஒன்றரை மீட்டரில் என் செருப்பை வைத்து, அதன் வார்மீது ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, ஃபோகஸ் வளையம் நகராதபடி டேப் ஒட்டிவிட்டேன். இதற்கு மின்வேலைக்கான கறுப்பு டேப் வேண்டாம், பிசின் ஒட்டிக்கொள்ளும். பெயின்ட் கடையில் கிடைக்கும் காகித டேப்பே நல்லது.

வாசலுக்கு மேலுள்ள கஜலட்சுமி சுதையை ஒரு கொப்பு மறைத்தது. ட்ரைபாடை ஒரு சாண் தாழ்த்தியதும் கொப்பு மேலேறி, இடையில் விரற்கடை அளவு வானம் தெரிந்தது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் கிளை சிற்பத்தின் தலையில் முளைத்ததுபோல் இருந்திருக்கும்.

இலைகளின் மினுமினுப்பை அடக்கப் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) ஒன்று வாங்க வேண்டும். முகப்பிலிருந்து வளவை (நடுமுற்றத்தைச் சுற்றிய உள்கட்டை) தாண்டிப் பின்கட்டுவரை ஒரே நேர்கோட்டில் அமைந்த நிலைவாசல்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் சட்டமாக்கும் ஆசையும் உண்டு. வீட்டுக்காரரிடம் இன்னும் கேட்கவில்லை. அதற்கு முன், இந்தப் படத்தின் இடது மூலை வெறுமையாகக் கிடக்கிறது. மாசியில் வேம்பு இலையுதிர்ந்து பங்குனியில் செந்தளிர் விட்டு அந்த மூலையை நிரப்பிய பிறகு, அதே இடத்தில் மறுபடியும் செருப்பை வைக்க வேண்டும்.